பலகைச் சாகுபடி: ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ நகராட்சி ஆணையர் அவர்களின் திவ்விய சமூகத்துக்கு, சொத்து வரியைப் பாக்கியின்றிச் செலுத்திவரும் கிழவன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சென்ற சனிக்கிழமை மாலை எங்கள் நகரின் பூங்காவிலே என் பேத்தி எறிந்த டென்னிஸ் பந்தொன்று, தங்கள் நிர்வாகம் பேரன்புடன் போஷித்துவரும் கொரியன் புல்லின்மீது உருண்டோடிய குற்றத்திற்காகக் காவலாளியால் கைப்பற்றப்பட்டதும், அதை மீட்கும்பொருட்டு நான் திங்களன்று தங்கள் அலுவலகத்தின் படியேறியதும், அங்கே பூங்காப் பிரிவின் எழுத்தர் கணினித் திரையிலிருந்து கண்ணெடுக்காமலே, "பந்துக்கு பில் இருக்கா சார்?" என்று வினவியதும், பில் இல்லையென்று அறிந்தபின், "அப்ப அது உங்க பந்துதான்னு எப்படி சார் நம்புறது?" என்று தர்க்கசாஸ்திர ரீதியில் ஓர் ஐயத்தைக் கிளப்பியதும் தங்கள் செவிக்கு எட்டியிருக்க நியாயமில்லை. நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து, எத்தனையோ பிள்ளைகளிடம் "இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன்" என்று எழுதி வாங்கிய என்னிடமே, அதே வாசகத்தை ஒரு முழுத்தாளில் எழுதச் சொல்லி, அடியில் கையொப்பமும் அலைபேசி எண்ணும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்காக நின்றவர்களுள் என் பழைய மாணவன் ஒருவனும் இருந்தான். பாவம், நல்ல பையன். சுவரிலிருந்த டெங்கு விழிப்புணர்வுச் சுவரொட்டியை வெகு சிரத்தையாக வாசித்துக்கொண்டிருந்தான். பந்து கிடைக்கவில்லை. கோப்பு மேலே போயிருக்கிறதாம்.

ஆயினும் குறைகூறுவது என் நோக்கமன்று. தங்கள் நிர்வாகத்தின் அற்புதமொன்றை உலகறியப் போற்றுவதே என் நோக்கம். அந்த நிலத்தைத் தாங்கள் 'பாதுகாக்க' ஆரம்பிப்பதற்கு முன் அது இருந்த அலங்கோலத்தை என்னென்பேன்! ஒரு மழைக்குட்டை, அதன் கரையில் சில புங்கமரங்கள், ஒரு நாவல், ஒரு பெரிய வேம்பு, வேம்பின் நிழலில் நாலைந்து பெரியவர்கள், நடுவிலே செங்கல்லை அடுக்கி ஸ்டம்பாக வைத்துக்கொண்டு கூச்சலிடும் பிள்ளைகள், இவ்வளவுதான். பலகை என்று சொல்லத்தக்கது மருந்துக்குக்கூட ஒன்றில்லை. பின்னர், இயற்கைப் பாதுகாப்பும் பொதுமக்கள் பொழுதுபோக்கும் ஒருங்கே தழைக்கவென ஒரு திட்டம் வந்தது. முதலில் மதில் வந்தது. மதிலுக்குக் கதவும், கதவுக்குப் பூட்டும், பூட்டுக்குக் காவலாளியும் வந்தனர். அப்புறம் பலகைகள் வந்தன.

திறப்பு விழாவன்று பிரமுகர்கள் வரிசையாக நின்று மரக்கன்றுகளை நட்டார்கள். அதே தினம், அதே மண்ணில், தங்கள் ஊழியர்கள் பலகைகளை நட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கு மின் இணைப்பு வராமையால் கன்றுகள் சித்திரை காணுமுன்பே சிவலோகம் சேர்ந்துவிட, பலகைகளோ, ஒரு சொட்டு நீருமின்றி, எருவுமின்றி, வேலியுமின்றிச் செழித்து வளர்ந்து, இன்று பூங்காவின் பிரதான தாவரமாகவே விளங்குகின்றன. 'புல்லின்மேல் நடக்காதே' என்பது தாய்ச்செடி. அதிலிருந்து 'பந்து விளையாடக் கூடாது' கிளைத்தது. அதன் பக்கக்கன்றாக 'மிதிவண்டிக்கு அனுமதியில்லை' தோன்றியது. மாரிக்காலத்தில் 'உணவுப் பொருள் கொண்டுவராதீர்' துளிர்த்தது. 'எதிர்த்திசையில் நடக்காதீர்' என்றொரு அபூர்வ ஜாதி, எட்டு வடிவ நடைபாதையின் இடுப்பிலே நிற்கிறது. எட்டில் எது எதிர்த்திசை என்பதைத் தேர்ந்த கணிதப் பண்டிதர்தான் விளக்கவேண்டும். தாவரவியல் மாணவர்கள் இந்தப் பலகை இனத்தை ஆராய்ந்தால், வறட்சியைத் தாங்கும் பயிருக்காக விஞ்ஞானிகள் வேறெங்கும் அலையவேண்டியதில்லை.

குட்டையின் கதை இதனினும் சுவையானது. நடைபாதைக்குப் பேவர் பிளாக் பதிக்கையில் குட்டைக்கு மழைநீர் வரும் வாய்க்கால் குறுக்கே கிடந்தது; அதை அடைத்தார்கள். நீர்வரத்து நின்று குட்டை வறண்டதும், வறண்ட குட்டை பார்வைக்கு அழகன்று என்பதால் அதன் அடியிலே சிமெண்டு பூசி நடுவில் ஒரு நீரூற்று அமைத்தார்கள். முக்கியஸ்தர் எவரேனும் வருகிற நாளில் அந்த நீரூற்றுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. கரையிலிருந்த வேம்பின் மார்பில், கட்டைவிரல் பருமனுள்ள ஆணி நான்கை அறைந்து, 'மரங்களை நேசிப்போம்' என்ற பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆணி இறங்கிய இடத்தில் பிசின் வழிந்து, 'நேசிப்போம்' என்பதன் கடைசி எழுத்துகளை மூடிவிட்டது.

சட்டம் அறியாதவர்கள் சிலர் எங்கள் நகரிலும் இருக்கிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், சாலைகள் போக எஞ்சிய நிலத்தில் 10 சதவீதத்தைச் சமுதாய உபயோகத்துக்கும் பொழுதுபோக்குக்குமாக விட்டு, அதைத் தானப் பத்திரம் எழுதி இலவசமாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்கவேண்டும் என்பது விதியென்றும், அந்தத் தானத்தின் விலையை மனை வாங்கிய நாங்களே 'பார்க் ஃபேசிங்' என்ற பெயரில் புரோக்கரிடம் அதிகப்படியாகக் கொடுத்துத் தீர்த்தோமென்றும், ஆகவே தாங்கள் அந்நிலத்துக்குத் தர்மகர்த்தாவேயன்றி உடைமையாளரல்லர் என்றும் அவர்கள் வாதிக்கிறார்கள். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே நம் மாநிலத்தில் 1959-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டதையும் சுட்டிக்காட்டுகிறார்கள். விளையாட்டுத் திடலைக் காப்பதென்றால் விளையாட்டிலிருந்து காப்பதுதானே? இந்த எளிய உண்மை அவர்களுக்கு விளங்கவில்லை.

தங்கள் கொள்கைக்குச் சரித்திர ஆதாரமும் உண்டென்று நான் அவர்களிடம் வாதாடுவதுண்டு. சென்னைப் பட்டணத்து ஜனங்கள் காற்று வாங்கவென்று 1859-இல் கவர்னர் டிரெவெலியன் காலத்தில் 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' உருவாயிற்று. குளங்கள், வாத்திய மேடை, மிருகக்காட்சிசாலை என்று சகல சௌகரியங்களும் அதில் இருந்தன. அதன் ஒரு பக்கத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் எழுந்தது. பிறகு, பூங்காக்களைப் பராமரிக்கும் கடமையுள்ள மாநகராட்சியே, 1913-இல் திறந்த தன் வெள்ளை மாளிகையாகிய ரிப்பன் கட்டடத்துக்கும் அதே பூங்காவில் இடம்பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் விளையாட்டரங்கமும் வந்தது. இன்று மை லேடீஸ் பார்க் என்றொரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அதற்காக நாம் சந்தோஷப்படவேண்டும். பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியிலே பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியபோது, அந்தப் பகுதிவாசிகள் உச்ச நீதிமன்றம்வரை போய் 1991-இல் அதைச் செல்லாதாக்கிவிட்டார்கள். அங்கே ஆரம்பத்திலேயே நாலு பலகை நட்டு ஜனங்களைப் பழக்கியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா?

காவலாளி நல்லவர். ஒப்பந்தக்காரரின் ஆள், பலகையைவிடக் குறைந்த பாதுகாப்புள்ள உத்தியோகம். பந்து பறிபோன மறுநாள் நான் போய்க் கேட்டபோது, "எனக்கும் பேரப்பிள்ளைங்க இருக்காங்க ஐயா, நான் என்ன செய்ய, பலகையில போட்டிருக்கே" என்று சொல்லி, தம் அறைக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். மூலையில் ஓர் அரிசிச் சாக்கு. அதன் வாய் கொள்ளாமல் பந்துகள்: ரப்பர் பந்துகள், தோல் கிழிந்த கால்பந்து, நூல் பிரிந்த கிரிக்கெட் பந்து, இறகு போன ஷட்டில் காக்குகள். பக்கத்தில் நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாகப் பதிவு. என் பேத்தியின் பந்துக்கு நேராக, 'பந்து, பச்சை, 1, மயிர் தேய்ந்தது' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. தங்கள் நிர்வாகத்தில் இவ்வளவு கறாராகப் பராமரிக்கப்படும் கணக்கு பிறிதொன்று உண்டோ, நான் அறியேன்.

இந்தப் பந்துகளுக்குரிய பிள்ளைகள் இப்போது எங்கே விளையாடுகிறார்கள் தெரியுமா? தெருவில். தண்ணீர் லாரி திரும்புகிற முனையில். ஹாரன் கேட்டதும் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓட வயதில்லாத சிறிசுகளைப் பெரியவன் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். உள்ளே பத்து அடி தூரத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால், புல் சும்மா கிடக்கிறது. ஐயா, அது உங்கள் அப்பன் சம்பாதித்து வைத்த நிலமில்லை. எங்கள் பிள்ளைகளின் நிலம். அதைப் பூட்டிவைத்துவிட்டு என் பேத்தியின் பந்துக்கு என்னிடம் பில் கேட்கிறீர்கள், வெட்கமாயில்லை?

க்ஷமிக்கவேண்டும். வயோதிகத்தில் இரத்த அழுத்தம் சில சமயம் பேனாவுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. தாங்கள் கருணாநிதி, சின்ன விஷயங்களைப் பொருட்படுத்துகிறவரல்லர்.

இறுதியாக ஒரு தகவல். மேற்படி 1959-ஆம் வருஷத்துச் சட்டம், தன் எல்லைக்குட்பட்ட பூங்காக்கள், திடல்கள், திறந்தவெளிகள் யாவற்றுக்கும் உள்ளாட்சி பட்டியலும் வரைபடமும் தயாரிக்கவேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலின் நகல், எங்கள் நிலத்தின் தானப் பத்திர நகல், பந்து விளையாட்டைத் தடுக்கும் தீர்மானம் எந்தக் கூட்டத்தில் எந்தத் தேதியில் நிறைவேறியது என்ற விவரம், பலகைகளுக்கு ஆன மொத்தச் செலவு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் நேற்றைய தபாலில் சேர்த்துவிட்டோம். பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதுவரை அந்த அரிசிச் சாக்கை ஏலம் விட்டுவிடவேண்டாமென்று மாத்திரம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
மதிலுக்கு வெளிப்புறத்தில் வசிக்கும்
ஒரு பார்க் ஃபேசிங் வீட்டுக்காரன்