மாண்புமிகு விடைக்குறிப்பு அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
அண்ணன் மகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சித்தப்பா,
கம்பம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு விடைக்குறிப்பு அவர்கள்,
விடைத்தாள் திருத்தும் முகாம்கள் அனைத்தும்.

பொருள்: இலக்கியத்தோடு வாதாட நான்கு வரி இடம் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கல்வித்துறையில் அமைச்சர், இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று எத்தனையோ பேர் இருக்க, உங்களுக்கு நேரடியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் பணிமாறுதல் வரும். உங்களுக்கு வராது. ஆட்சி மாறினாலும் பாடநூலின் அட்டை மாறினாலும், சிவப்பு மையின் கடைசிச் சொல் உங்களுடையதுதான்.

அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். மையக்கருத்து இரண்டு வரி. அப்புறம் மோனை, எதுகை, இயைபு, அணி. ஒவ்வொன்றுக்கும் துணைத்தலைப்பு, அதற்கடியில் கோடு. எதுகை என்றால் முதலில் ‘மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை’ என்று போட வேண்டும்; பிறகு பாடலிலிருந்து இரண்டு சோடிச் சொற்கள். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை இந்த ஒரு வரிக்காகவும் ஓட வேண்டியிருக்கிறது என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. பாடல் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பாராட்டு என்று ஆணை வந்த பிறகு அதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்லவா?

எங்கள் ஊருக்குத் திராட்சை வாங்க வரும் வியாபாரி கொடிக்கு அடியில் நின்று ஒரு பன்னீர் திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துத்தான் விலை பேசுவார். உங்கள் முறைப்படி என்றால் கொத்துக்கு எத்தனை பழம், காம்பு என்ன நீளம் என்று எழுதிக்கொண்டு, ருசி பார்க்காமலே ‘மிக இனிப்பு’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

இதில் எங்கள் மாவட்டத்துக்குத் தனி மனத்தாங்கல் ஒன்று உண்டு. ‘கறுப்பு மலர்கள்’ எழுதிய நா. காமராசன் போடி பக்கத்து மீனாட்சிபுரத்துக்காரர். ‘கண்ணீர்ப் பூக்கள்’ எழுதிய மு. மேத்தா பெரியகுளத்துக்காரர். எதுகை மோனைக்காகக் காத்திராத புதுக்கவிதையை எழுபதுகளில் கல்லூரிப் பிள்ளைகள் வாய்க்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள். அவர்கள் மண்ணிலேயே, ஒரு புதுக்கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எதுகையைத் தேடி வியர்த்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் குறை சொல்லவே விடாதவர் என்று நான் பழி போட மாட்டேன். பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் எழுதும் பயிற்சி உண்டு. ஓட்டலில் கொடுத்த சாப்பாடு தரமில்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுதலாம். நன்றாகக் குறை சொன்னால் முழு மதிப்பெண். ஊசிப்போன சாம்பாரைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை பிள்ளைக்கு இருக்கிறது. ஊசிப்போன உவமையைப் பற்றி இல்லை. சாம்பாரை விட உவமைக்குச் செல்வாக்கு அதிகம் போல.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் வைத்த ஒரு தேர்வில் சிலப்பதிகாரத்துக் கண்ணகியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெண், கண்ணகி வழக்கில் வென்றது சரி, ஊரை எரித்தது சரியில்லை என்று எழுதிவிட்டாள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே கோடு. ஓரத்தில் ‘வினாவிற்கு ஏற்ற விடை இல்லை’. மதிப்பெண் சுழியம். எந்தப் பள்ளி என்பது உங்களுக்கு வேண்டாம். எல்லாப் பள்ளியிலும் நீங்கள்தானே இருக்கிறீர்கள்.

அந்த இரண்டு பக்கத்தையும் நான் படித்தேன். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிகள், முதியவர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர்களை மட்டும் எரிக்கச் சொல்லி நெருப்புக்குக் கண்ணகி கட்டளை போடுகிறாள் அல்லவா? “ஏஞ் சித்தப்பா, கெட்டவுக யாருன்னு நெருப்புக்கு எப்படித் தெரியும்? வெத்தல வித்துக்கிட்டிருந்த நடுவயசுக்காரி எந்தக் கணக்குல வருவா?” என்று வீட்டில் கேட்டதையே கொஞ்சம் செந்தமிழாக்கி எழுதியிருந்தாள். அதோடு விடவில்லை. ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்க்காகக் கொற்கையில் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று நூலிலேயே வருகிறது; ஆராயாமல் கோவலனைக் கொன்றது குற்றமென்றால் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தாள். எதிர்த்தரப்பையும் மறக்கவில்லை. மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்த வினைதான் இது என்று சொல்வதை எடுத்துப் போட்டு, ‘அப்படியானால் மதுரைக்காரர்கள் எந்தப் பிறப்பில் என்ன செய்தார்கள்?’ என்று முடித்திருந்தாள். எழுத்துப் பிழை ஒன்பதோ பத்தோ இருந்தது. அதற்குக் கழித்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

எனக்கு அவள் முடிவில் முழு உடன்பாடு கிடையாது. காப்பியத்தின் நெருப்பைத் தீயணைப்பு நிலையத்துக் கணக்கில் எழுத முடியாது என்பது என் கட்சி. வீட்டில் இன்னும் சண்டை ஓடுகிறது. அந்தச் சண்டைதான் ஐயா இலக்கிய வகுப்பு.

கண்ணகியின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவையில் தன் ஊரைச் சொல்லும்போதே புறாவுக்குத் தன்னைக் கொடுத்த சிபியையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்தீர்ப்பாக வைக்கிறாள். அது முன்னுரை. என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள். எங்களதில் முத்து என்று எதிர்த்தரப்பு வாயாலேயே வருகிறது. சிலம்பை உடைக்கிறாள். ஆதாரம் தெறித்து மன்னன் முன்னால் விழுகிறது. கூற்று, சான்று, மறுப்பு, தீர்ப்பு எல்லாம் இருக்கிறது. துணைத்தலைப்பும் அடிக்கோடும்தான் இல்லை. பாண்டியனோ ஊடியிருந்த அரசியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், சிலம்பு கோவலன் கையில் இருந்தால் கொன்றுவிட்டுக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டவன். குறிப்போடு ஒத்துப் போகிறதா, முடித்துவிடு. கட்டுக்கட்டாக விடைத்தாளைக் குவித்துவைத்து வெயிலில் திருத்தும் ஆசிரியரைப் பாண்டியனோடு ஒப்பிட எனக்கு மனமில்லை. அவருக்கு அந்தப் பொற்கொல்லன் வேலையைப் பார்ப்பவர் நீங்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இந்த வழக்குரை காதை இருந்தது. 2019-ல் வந்த புத்தகங்களில் பத்துக்கு மருவூர்ப்பாக்கக் கடைத்தெரு, பன்னிரண்டுக்கு மாதவியின் அரங்கேற்றம். கடைக்குப் போகலாம், ஆட்டம் பார்க்கலாம். வழக்கு வேண்டாம்.

வாதம் என்பது எங்கள் பக்கத்தில் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொருளும் இல்லை. கூடலூரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பெரியாறு அணை என்று வாயெடுத்துப் பாருங்கள். 1886-ல் 999 ஆண்டுக் குத்தகை, 1895-ல் அணை, 1979-ல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தது, 2006-லும் 2014-லும் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது என்று வடை ஆறுவதற்குள் வந்து விழும். அணை பலவீனம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் கேபிள் ஆங்கர், கான்கிரீட் தாங்குசுவர் என்று பதில் வரும். அப்படிப் பேசுகிறவர் வீட்டுப் பிள்ளைதான் தேர்வு அறையில் ‘இப்பாடல் கற்போர் நெஞ்சைக் கவர்கிறது’ என்று எழுதிவிட்டு வருகிறது.

கண்ணகியும் எங்களுக்கு வெளியூர்க்காரி இல்லை. மதுரையை விட்டு வைகைக் கரை பிடித்து மேற்கே நடந்து வந்து, மலையேறி வேங்கை நிழலில் நின்றாள். அந்த இடம் எங்கள் தலைக்கு மேலே இருக்கும் மங்கலதேவி மலை என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. சித்திரைப் பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுகிறோம். குமுளிப் பக்கமிருந்து ஜீப்பில் வருகிறார்கள். கோயில் எந்த மாநிலத்துக்குச் சொந்தம் என்பதிலும் வழக்குதான்.

இலக்கியத்தோடு வாதாடுவது தமிழுக்கும் புதிதல்ல. 1943-ல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா கூடாதா என்று சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியோடும் அண்ணா மேடையில் மோதினார். அந்தப் பேச்சு ‘தீ பரவட்டும்’ என்று புத்தகமானது. கம்பனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை; எதிர்க்க வந்தவர்களும் பாட்டை எடுத்துச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். பிரான்ஸில் பள்ளி இறுதி இலக்கியத் தேர்வு 4 மணி நேரம் என்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரே ஒரு கேள்வி: இந்தக் கருத்தை ஏற்கிறாயா, மறுக்கிறாயா? பாடலிலிருந்தே ஆதாரம் காட்டு. எந்தக் கட்சி பேசினாலும் மதிப்பெண் ஆதாரத்துக்கு. எப்படித் திருத்துவது என்று கையைப் பிசைய வேண்டாம். திருவிழாப் பட்டிமன்றத்தில் நடுவர் ராத்திரி பதினொரு மணிக்கு, கூட்டம் பாயைச் சுருட்டுவதற்குள், அதைச் செய்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.

இதில் ஒரு சங்கடம் இருப்பது எனக்கும் தெரியும். கேள்வி வந்த மறுமாதமே உரைநூலில் ‘ஏற்பு விடை’, ‘மறுப்பு விடை’ என்று இரண்டு மாதிரி அச்சாகிவிடும். ‘யான் இக்கருத்தைப் பணிவுடன் மறுக்கிறேன்’ என்று கம்பம் முதல் ஆண்டிபட்டி வரை அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் மறுப்பார்கள். மறுக்கட்டும். அந்த மாதிரி விடையே தப்பு என்று எழுதிவைக்க எங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அவள் தாள் வரும்போது கோடு போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு சித்தப்பா.

இடம்: கம்பம்.

(உறைமேல் முகவரியைப் பெட்டி போட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் உண்டு என்று சொன்னாள்.)