இரண்டு அடிமைகளைத் துரத்திய கடிதம்

கேள்வி: இஸ்ரவேலர் எகிப்தில் அடிமைகளாக இருந்ததற்கும் வெளியேறியதற்கும் சான்றே இல்லை என்கிறார்களே, யாத்திராகமம் வெறும் கட்டுக்கதையா?

பதில்: எண்ணிக்கையை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள், பதில் மாறும். ஆண்கள் மட்டுமே 6 லட்சம் என்கிறது யாத்திராகமம். குடும்பங்களைச் சேர்த்தால் 20 லட்சத்தைத் தொடும். அத்தனை பேர் 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்திருந்தால் அடுப்புச் சாம்பலும் பானை ஓடும் மிஞ்சாமலா போயிருக்கும்? சீனாயில் அப்படியொரு பெருங்கூட்டத்தின் தடயம் கிடைக்கவில்லை. பார்வோன்கள் தங்கள் தோல்வியைக் கல்லில் வெட்டமாட்டார்கள் என்பது நியாயமான வாதம்தான். ஆனால் கல்வெட்டுதான் அரசன் கையில் இருக்கிறது, பாலைவனத்துக் குப்பைமேடு இல்லை.

அதற்காக எல்லாமே புனைவு என்பதும் அவசரம். எகிப்தின் தீப்ஸ் நகரில் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் வெளிநாட்டுக் கைதிகள் மண் குழைத்துச் செங்கல் அறுக்கிறார்கள். கோலோடு கண்காணி இருக்கிறான். கி.மு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஒரு பாப்பிரஸ் கடிதத்தில், தப்பியோடிய இரண்டு அடிமைகளைத் துரத்திப்போன எகிப்திய அதிகாரி, அவர்கள் எல்லைக்கோட்டையைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி, தடத்தைக் கண்டது யார் என்று விசாரிக்கிறார். அதே காலத்தில், கி.மு. 1208 வாக்கில், பார்வோன் மெர்னெப்தாவின் கல்வெட்டு கானானில் இஸ்ரேல் என்றொரு மக்களைக் குறிப்பிடுகிறது. தப்பி வந்தது ஒரு சிறு கூட்டம், அதன் நினைவு பிறகு இனம் முழுமைக்கும் சொந்தமானது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எகிப்துக்கே போகாதவர்கள் அதை ஏன் ஏற்றார்கள்? கானானும் அன்று எகிப்தின் பிடியில்தான் இருந்தது. திறை கட்டியவர்களுக்குப் பார்வோனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.