காதோரத்தில் ஒரு தொழுவம்

ராஜபாளையத்துக்காரனுக்கு ஏதாவது ஒரு பித்து இருந்தாக வேண்டும். ஒன்றுமே இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். முன்பெல்லாம் ஊரில் பாதிப் பேருக்கு நாய்ப் பித்து, மீதிப் பேருக்கு மாம்பழப் பித்து. சப்பட்டை உசத்தியா, பஞ்சவர்ணம் உசத்தியா என்று சித்திரையில் தொடங்கும் வழக்கு, ஆடிக்காற்றில் மரமெல்லாம் காலியான பிறகும் தீர்ப்பாகாமல் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். இப்போது புதிதாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. ஊது அத்தர்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடையில் சாயங்காலம் கூடுகிற எங்கள் சபையில் ஐந்து பேர். நூல் புரோக்கர் அண்ணாச்சி, ரிட்டையரான கணக்கு வாத்தியார், கத்தாரிலிருந்து லீவில் வந்து திரும்பிப் போகவே போகாத என் மச்சான், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மருமகனாகப் போனவர், பிறகு நான். முன்பு அரசியல் பேசினோம். சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றுபோகும். ஊது வந்த பிறகு சண்டை இன்னும் ஜாஸ்தி, ஆனால் பேச்சுவார்த்தை மட்டும் நிற்பதே இல்லை.

பித்தைக் கொண்டுவந்து இறக்கியவன் மச்சான்தான். பெட்டியிலிருந்து தைலப் பாட்டில், டார்ச் லைட், பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்துப் பங்கு வைத்துவிட்டு, கடைசியில் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு சீசாவை எடுத்தான். அதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. காட்டினான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

ஊது என்றால் நம்ம அகில் எண்ணெய்தான். வாத்தியார் முதல் நாளே பாடம் நடத்திவிட்டார். அகில் மரம் ஆரோக்கியமாக இருக்கிற வரைக்கும் அது வெறும் வெள்ளைக் கட்டை, ஒரு வாசனையும் கிடையாது. புழு துளைக்க வேண்டும். துளை வழியே பூஞ்சை ஏற வேண்டும். மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கறுப்புப் பிசினைச் சுரக்க வேண்டும். அந்தப் பிசின் ஊறிய கட்டைக்குத்தான் இத்தனை விலை. எல்லா மரத்துக்கும் இந்த யோகம் அடிப்பதில்லை. "ஆக, சீக்கு வந்தாத்தான் மதிப்பு" என்று முடித்தார், சீனி போடாத டீயை ஊதிக்கொண்டே. இத்தனை வருஷமாகச் சர்க்கரை வியாதியைச் சுமந்தும் வீட்டில் ஒருத்தரும் தன்னை மதிப்பதில்லையே என்ற தாங்கல் அதில் கொஞ்சம் தெரிந்தது.

இந்தியாவில் இதற்குத் தலைநகரம் அஸ்ஸாமில் உள்ள ஹோஜாய். அங்கே நெல் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த அஜ்மல் அலி என்பவர் அகிலை நம்பி பம்பாய்க்குப் போய் 1951-இல் வியாபாரம் ஆரம்பித்தார். இன்று வளைகுடா முழுக்க அந்தப் பெயரில் கடைகள். அதற்குள் காட்டு மரங்களை ஆளாளுக்கு வெட்டித் தீர்த்ததில், அஸ்ஸாம் அகிலை 1995-இல், அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். 2005 ஜனவரியில் அகில் இனம் முழுவதையுமே சேர்த்துவிட்டார்கள். அதே மாதத்தில்தான் எங்கள் ஊர் நாய்க்கு இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பார்கள். சபை அதை ஒப்புக்கொள்வதாக இல்லை.

நாய் என்றதும் அண்ணாச்சி வீட்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும்.

அஸ்ஸாம் ஊதுக்கு ஒரு குணம் உண்டு. கட்டையைச் சிராய் சிராயாக்கி வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, புளிக்கவிட்டு, அப்புறம்தான் காய்ச்சி வடிக்கிறார்கள். அந்தப் புளிப்பு எண்ணெயிலும் இறங்கும். திறந்தவுடன் முதலில் எழுவது சாட்சாத் மாட்டுத் தொழுவம். சாணி, ஈர வைக்கோல், பழைய தோல். அதைத் தாண்டி அரைமணி பொறுத்தால்தான் மரமும் தேனும் புகையும் ஒவ்வொன்றாக வெளியே வரும் என்பது ரசிகர்கள் வாக்கு. அண்ணாச்சி இந்தச் சாதி எண்ணெயில் கால் தோலா வரவழைத்து, விலையை வீட்டில் பத்தில் ஒரு பங்காகச் சொல்லி, காதோரம் இரண்டு பக்கமும் தாராளமாக இழுவிக்கொண்டு வாசல்படி ஏறினார்.

திண்ணையில் அவர் அம்மா. "ஏன்டா, பசுவைத்தான் எப்பவோ வித்தாச்சே. தொழுவம் எங்கிருந்துடா நாறுது?"

நாயும் எழுந்து வந்தது. அசல் ராஜபாளையம், பால் வெள்ளை, ரோஸ் நிற மூக்கு. இந்த ஜாதி கண்ணை நம்பி வேட்டையாடுகிற ஜாதி. வெள்ளைக் குட்டிகளில் காது கேட்காமல் பிறப்பதும் உண்டு, இதுவும் அப்படித்தான். ஆனால் மூக்கில் ஒரு பழுதும் இல்லை. அண்ணாச்சியின் காதை மோந்து பார்த்தது. மறுபக்கமும் மோந்தது. பிறகு கொல்லைப்புறம் போய், முன்பு தொழுவம் இருந்த இடத்தில் பைக் நிற்கிறதே, அங்கே நின்று மூலை மூலையாகத் தேடியது.

அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. பெருமை பிடிபடவில்லை. "அம்மாவும் நாயும் சேர்ந்து சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க மாப்ள, சரக்கு அசல்தான்" என்று ராத்திரியே போன் பண்ணினார். அவருடைய அப்பா அந்த வாடை வெளியே தெரியக் கூடாதென்று ஆயுசு முழுக்கத் தொழுவத்தைக் கழுவிக் கழுவி விட்டவர். மகன் அதையே ஆயிரக்கணக்கில் கொடுத்துச் சீசாவில் வாங்கி வந்திருக்கிறார். பரம்பரைச் சொத்து எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.

நான் கம்போடியாக் கட்சி. அது இனிப்பு, பழ வாசனை, சபைக்கு அடக்கமானது. மாம்பழத்தில் பஞ்சவர்ணம் பேசியவர்களெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்தார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அஸ்ஸாம் கட்சி எங்களைப் பாயசப் பார்ட்டி என்கிறது. நாங்கள் அவர்களைத் தொழுவத்துக்காரர்கள் என்கிறோம். வாத்தியார் எந்தக் கட்சியும் இல்லை. அவருடையது அளவுக் கட்சி. எந்த ஊர் எண்ணெயானாலும் சரி, குச்சி முனையில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பொட்டுக் கூடினாலும் நாற்றம் என்பது அவர் சித்தாந்தம்.

அளவுக்கு எதிரி பேராசை இல்லை, மூக்கு. ஒரே வாசனையை மோந்துகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பூசியவனுக்கு, ஐயோ பறந்துவிட்டதே என்று தோன்றும். உண்மையில் எண்ணெய் அப்படியே உட்கார்ந்திருக்கும். நல்ல ஊது காலையில் வைத்தால் ராத்திரி வரைக்கும் நிற்கக்கூடியது. அவன் இன்னொரு பூச்சு பூசுவான். பத்தரைக்கு இன்னொன்று. மத்தியானம் ஒன்று. தன்னிடம் வாசனையே இல்லை என்ற துக்கத்தோடு ஊரையே மயக்கம் போட வைப்பான்.

இதற்குப் பரிசோதனைச் சாலை ராஜபாளையம்–ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ். 12 கிலோமீட்டர்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில், உட்கார இடமில்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கி நிற்கிற ஒருவன் மணிக்கட்டில் ஊது பூசியிருந்தால் அது கன்னியாகுமரிக்குப் போகிற தூரம். உடம்புச் சூட்டில்தான் எண்ணெய் எழும். வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மச்சான் ஒருநாள் அப்படி நின்றான். முன் சீட்டில் கொத்து மல்லிகை வைத்திருந்த அம்மா தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பூதான் அழுகிவிட்டதோ என்று. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு, "யாருய்யா ஆடு ஏத்துனது? ஆட்டுக்கும் லக்கேஜ் போடணும்" என்றார். மச்சான் ஒரு டிக்கெட் கூடுதலாக எடுத்தான். இன்றுவரை அதைப் பத்திரமாக வைத்திருக்கிறான். அவனும் அதைச் சர்டிபிகேட் என்றுதான் சொல்கிறான்.

பால்கோவா மருமகனுக்கு வேறு கஷ்டம். அவர் மாமனார் கடையில் காலையிலிருந்து விறகடுப்பில் பால் சுண்டிக்கொண்டே இருக்கும். அந்த வாசனையே அவர் சட்டையில் நிரந்தரம். அதன் மேல் ஊது பூசினால் ஒரு மாதிரி நெய் ஊற்றிய தொழுவம் என்று சொல்லலாம். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள். "கலப்படம் பண்ணா கேஸ் ஆயிரும் மாப்ள" என்று மாமனார் அவரைக் கல்லாவுக்கு அப்பால் நிறுத்தி வைத்திருக்கிறார்.

அளவை ஊர் வழக்கப்படி தீர்த்துவிடலாம் என்று முதலில் சொன்னவரும் இந்த மருமகன்தான். ஊரோ ஆண்டாள் ஊர். வாசனையைப் பற்றி அவளைவிட ஆவலாக விசாரித்தவர்கள் தமிழில் யார் இருக்கிறார்கள்? நாச்சியார் திருமொழியில் பத்துப் பாட்டு, கண்ணன் வாயில் கற்பூர மணமா, தாமரை மணமா என்று சங்கிடம் கேட்பதில் தொடங்குகிறது. சங்கு கடைசிவரை வாய் திறக்கவில்லை. எங்கள் சபையில் யாரைக் கேட்டிருந்தாலும், முதலில் கற்பூரம், அரைமணி கழித்துத் தாமரை, அடியில் கொஞ்சம் வெண்ணெய் என்று விலாவாரியாகச் சொல்லியிருப்போம். அப்படிப்பட்டவளே திருப்பாவை இரண்டாம் பாட்டில் நெய், பால், மை, பூ எல்லாவற்றையும் தள்ளிவைக்கிறாள். இருபத்தேழாம் பாட்டுக்கு வந்ததும் முழங்கை வழியே நெய் ஒழுகச் சாப்பிடுகிறாள். "அந்தக் கணக்குத்தான் கணக்கு. மார்கழி முழுக்க ஊதைத் தொடக் கூடாது. கூடாரவல்லி அன்னைக்குத் தொடலாம்" என்றார் மருமகன். வாத்தியாருக்கு ஆனந்தம். நோட்டில் எழுதி ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

மார்கழி முதல் வாரத்திலேயே அண்ணாச்சி அப்பீல் போட்டார். முதல் பாயிண்ட், அந்தப் பட்டியலில் பூ இருக்கிறது, மை இருக்கிறது, அத்தர் இல்லை. வாத்தியார் தள்ளுபடி செய்தார். இரண்டாவது, ஒன்பதாம் பாட்டில் சுற்றிலும் விளக்கு எரிய, தூபம் மணக்க, ஒருத்தி தூங்கிக்கொண்டிருக்கிறாளே, அது மார்கழி இல்லையா? வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். அந்தப் பெண் எழுந்திருக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள், அளவு மீறினால் அப்படித்தான் என்று சமாளித்தார். மூன்றாவது பாயிண்டில் வாத்தியார் காலி. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் நடப்பது எந்த மாதம்? மார்கழி. மூலிகையெல்லாம் போட்டுப் பக்குவமாகக் காய்ச்சிய தைலம், அந்த ஊர் பூராவும் அறிந்த விஷயம். "தாயாருக்கே மார்கழியிலதான் சார் தைலம். நாம என்ன அதுக்கு மேலயா?" வாத்தியார் நோட்டைக் கிழிக்கவில்லை, மடித்து உள்ளே வைத்தார்.

வாத்தியார் லேசில் விடுகிற ஆள் இல்லை. பொங்கல் கழிந்து ஜப்பானிலிருந்து ஒரு உதாரணத்தோடு வந்தார். நாரா என்ற ஊரில் தோதைஜி கோயிலின் பழைய பொக்கிஷக் கிடங்கான ஷோசோயினில் ரன்ஜதாய் என்றொரு அகில் கட்டை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் நீளம், 11.6 கிலோ. நூற்றாண்டுக் கணக்கில் இருக்கிறது, இன்னும் தீரவில்லை. ஏனென்றால் பெரிய பெரிய ஆட்களே அதில் ஒரு துணுக்குத்தான் வெட்டியிருக்கிறார்கள். நாட்டையே பிடிக்கக் கிளம்பிய ஓடா நோபுனாகா 1574-இல் கொஞ்சம், மெய்ஜி சக்கரவர்த்தி 1877-இல் கொஞ்சம். யார் வெட்டியது என்று கட்டையிலேயே சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே அகிலை எரிப்பதுகூட இல்லை. சாம்பலுக்குள் கங்கைப் புதைத்து, மேலே அப்பிரகத் தகடு வைத்து, அதில் நகக்கண் அளவு சிராயை வைத்துச் சூடு மட்டும் காட்டுவார்கள். ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கையில் ஏந்தி மோந்துவிட்டுக் கொடுப்பார்கள்.

"சீட்டு ஒட்டுறது நல்ல யோசனை சார்" என்றார் அண்ணாச்சி. "நம்ம சீசாவிலயும் ஒட்டுவோம், யார் எவ்வளவு திருடினான்னு."

மச்சான் கத்தார் வழக்கம் ஒன்றைச் சொன்னான். அங்கே விருந்து முடிந்ததும் கங்கில் ஊதுக் கட்டையைப் போட்டுத் தூபக்காலை ஒவ்வொருத்தரிடமும் நீட்டுவார்கள். சட்டைக்கும் தாடிக்கும் புகையை வாங்கிக்கொண்டு விருந்தாளி எழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. சொந்தக்காரர்களை வாய்விட்டுப் போகச் சொல்லாமல் மணமாக அனுப்பிவைக்கிற ஏற்பாடு. எங்கள் ஊரிலும் ஊது பூசியவன் வந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுகிறார்கள். அங்கே விருந்தாளி எழுகிறான், இங்கே வீட்டுக்காரன் எழுகிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிலப்பதிகாரத்தில் தொண்டித் துறையில் கப்பலில் வந்து இறங்கிய அகிலின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் காற்று மதுரைக்குள் நுழைகிறது. மதுரைக்கும் எங்களுக்கும் பக்கம்தான். ஆனால் அந்தக் காற்று அங்கேயே நின்றுவிட்டது. எங்களுக்கு அடிப்பது மலைப் பக்கத்து மேல்காற்று. அதில் வருவது மில்லின் பஞ்சுத் தூசி. ஊது விஷயத்தில் நாங்கள் இப்படி அலைவதற்கு இந்த ஏக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அண்ணாச்சியிடம் சொன்னேன். பஞ்சுத் தூசியைக் குறை சொன்னதற்காக இரண்டு நாள் பேசவில்லை.

கடைசியில் அளவுக்கு அதிகாரி மதினிதான் என்று ஆகிவிட்டது. அண்ணாச்சி சம்சாரம். பூசியவன் மூக்கு சாட்சி சொல்ல லாயக்கில்லை என்பதால் அடுத்தவர் மூக்கு வேண்டுமே. நாங்கள் போய்த் தெருமுனையில் பைக்கை நிறுத்துவோம். மதினி அடுப்படியில் இருந்தபடி, "ஒண்ணும் தெரியல, வாங்க" என்றால் அளவு சரி. தெரிந்துவிட்டால் கொல்லைப்புறக் குழாய், லைப்பாய் சோப்பு. அப்பீல் கிடையாது. மார்கழியில் மூன்று பாயிண்ட் பேசிய அண்ணாச்சிதான் அந்தக் குழாயடியில் அதிகம் நின்றவர்.

போன வாரம் எல்லாருமாகக் காசு போட்டு ஒரு சீசா வாங்கினோம். அஸ்ஸாமும் இல்லாமல் கம்போடியாவும் இல்லாமல் ஏதோ சமரசச் சரக்கு. 3 மில்லி, ஐந்து பேர். பங்கு வைக்க வாத்தியார் தன் இன்சுலின் ஊசியில் புதிதாக ஒன்று பிரித்தார். ஒரு மில்லிக்கு 40 யூனிட், மூன்றுக்கு 120, ஆளுக்கு 24. வாழ்நாளில் அவர் போட்ட கணக்குகளில் இத்தனை மரியாதையோடு கவனிக்கப்பட்ட கணக்கு இதுவாகத்தான் இருக்கும். எண்ணெய் கெட்டி; ஊசியில் ஏற மறுத்தது. டீ மாஸ்டரிடம் கிளாஸில் வெந்நீர் வாங்கி, சீசாவை அதற்குள் இறக்கி இளக்கினார். ஏறியது. 24. இன்னொன்று 24. யாரும் மூச்சுவிடவில்லை, விட்டால் வாசனை குறைந்துவிடும் என்பது போல. நாலு காலிச் சீசா நிரம்பியது. ஐந்தாவது என்னுடையது. அதில் 19-க்கு மேல் வரவில்லை.

"சார், மிச்சம் ஊசியிலதான் ஒட்டியிருக்கும்" என்று மச்சான் எனக்காகப் பேசினான். "ஊசியோட அவன்கிட்ட கொடுத்துருங்க."

"ஊசி என்னுது" என்றார் வாத்தியார். மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "மெடிக்கல் பில் இருக்கு."