கமராவுக்கு எந்தத் தொட்டி?

ஹொல்ஸ்டெப்ரோ, டென்மார்க்,
மார்கழி மாதம்.

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். காலமை ஒன்பது மணிக்கு விடிஞ்சு பின்னேரம் நாலுக்கு முதல் இருண்டு போற காலம் இது. அதுக்குள்ள எவ்வளவு சுகமா இருக்க ஏலுமோ அவ்வளவு சுகம்.

போனில நீங்கள் கேட்டீங்கள், "புதுக் கமரா வாங்கிப்போட்டாயாம், பழசுகளை என்ன செய்யப் போறாய்?" எண்டு. நான் "பாப்பம்" எண்டு சொல்லிக் கதையை மாத்தினன். கேள்வி உங்கட இல்லை, உங்களுக்குப் பின்னால நிண்டு கையால சைகை காட்டின உங்கட மகன்ர எண்டு எனக்குத் தெரியும். கலியாண வீட்டுக்கு வீடியோ எடுக்கிற பொடியனுக்கு, வீடியோக் கோலில பின்னால நிக்கிற ஆளும் விழும் எண்டு தெரியாமல் போச்சே! பதில் கொஞ்சம் நீளம். அதுதான் கடிதம்.

புதுசைப் பற்றி முதல்ல சொல்லுறன். பழைய கமராவுக்குள்ள ஒரு சின்ன முகம் பாக்கிற கண்ணாடி சரிவா இருக்கும். லென்ஸுக்குள்ளால வாற வெளிச்சம் அதில பட்டுத்தான் மேல, எங்கட கண்ணுக்கு வரும். படம் எடுக்கேக்க அந்தக் கண்ணாடி எழும்பி வழி விடவேணும். 'கிளடக்' எண்டு கேக்கிற சத்தத்தில பாதி அதுதான். புதுசு 'மிரர்லெஸ்', அதில அந்தக் கண்ணாடியே இல்லை. கண் வைக்கிற ஓட்டைக்குள்ள ஒரு குட்டி ரீவி ஓடும். சோனி 2013 இலயே பெரிய சென்சரோட இதை விட்டவன். நிக்கொனும் கனனும் 2018 இல வந்தவை. நான் எல்லாரும் போன பிறகு போற ஆள். என்ர கழுத்துத்தான் என்னைத் தள்ளினது. ஹேர்னிங் பிள்ளையாற்ற தேருக்கும், பிராண்ட அபிராமி அம்மன் கோயில் திருவிழாவுக்கும், இந்தச் சுற்று வட்டாரத்தில நடக்கிற சாமத்தியவீடு எல்லாத்துக்கும் ரெண்டு கிலோவைக் கழுத்தில தூக்கிக்கொண்டு திரிஞ்சால், கழுத்து ஒரு நாள் கணக்குக் கேக்கும்தானே.

பாரம் குறைஞ்சுது, உண்மை. ஆனால் சத்தம் போனதால வந்த வில்லங்கத்தை ஒருத்தரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லேல்லை. சத்தமில்லாமல் எடுக்கிற வசதி இதில இருக்கு. ஒரு சாமத்தியவீட்டில அதைப் போட்டு எடுத்தன். மாமிமார் பன்னிரண்டு பேர் ஆலாத்தித் தட்டோட வரிசையா நிக்கினம். நான் எடுத்திட்டன். அவையள் நிக்கினம். நான் கமராவைக் கீழ இறக்கினன். அப்பவும் நிக்கினம். முந்தி 'கிளடக்' எண்டு கேட்டால் மூச்சை விட்டு, சீலையைச் சரி செய்து, பக்கத்து ஆளோட கதைக்கத் தொடங்குவினம். இப்ப எப்ப மூச்சு விடுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. கடைசியில "எடுத்தாச்சு!" எண்டு நான் வாயால கத்தினன். இவ்வளவு காசு குடுத்து வாங்கின கமராவுக்கு என்ர தொண்டைதான் ஷட்டர். அதோட, மண்டபத்தில இருந்த எல்.ஈ.டி. விளக்குகள் எங்கட கண்ணுக்குத் தெரியாத வேகத்தில மின்னுற சாதி. சத்தமில்லாத முறையில சென்சர் படத்தை வரி வரியா வாசிக்கிறதால, அந்த மின்னல் கோடு கோடா விழும். காஞ்சிபுரம் சீலையில வரிக்குதிரை! உங்கட மகனிட்டச் சொல்லுங்கோ: எல்.ஈ.டி. இருக்கிற மண்டபத்தில சத்தத்தோடயே எடுக்கட்டும்.

பற்றரியும் அப்பிடித்தான். என்ர பழைய நிக்கொன் டி 750 ஒரு சார்ஜில 1230 படம் எடுக்கும் எண்டு கணக்கு. புதுசு, நிக்கொன் இசட் 6 இன்ர கணக்கு 310. குட்டி ரீவி நாள் முழுக்க ஓடினால் ஆர் கறன்ற் பில் கட்டுறது? இப்ப என்ர சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் பற்றரி.

இனி உங்கட கேள்விக்கு வாறன். அலுமாரியில கிடந்தது: பென்ரக்ஸ் கே 1000, ஒரு ஸ்பொட்மற்றிக், நிக்கொன் டி 90, டி 750, பிறகு பேர் அழிஞ்சுபோன ரெண்டு பொக்கற் கமரா. உங்கட மச்சாள் சட்டம் போட்டிட்டா: புதுசு உள்ளுக்கு வந்தால் பழசு வெளியில போகவேணும். நான் எல்லாத்தையும் காரில ஏத்திக்கொண்டு குப்பை பிரிக்கிற இடத்துக்குப் போனன். எறிய இல்லை, விசாரிக்க.

அக்கா, இந்த நாட்டில குப்பை எண்டு ஒண்டு இல்லை. பத்து இருக்கு. சாப்பாட்டுக் கழிவு, பேப்பர், காட்போட், கண்ணாடி, உலோகம், பிளாஸ்ரிக், பால் பெட்டி, துணி, ஆபத்தான சாமான், இந்த ஒன்பதிலயும் அடங்காத மிச்சம். இது வீட்டு வாசலுக்கான கணக்கு. அந்தப் பெரிய முற்றத்துக்குப் போனால் பத்தும் குட்டி போட்டு, வரிசை வரிசையாக் கொள்கலன் நிக்கும். கொண்டு போற பையும் உள்ளுக்க இருக்கிறது வெளியில தெரியிற பையா இருக்கவேணும். எங்கட ஊரில குப்பையை மறைச்சுக் கொண்டு போறதுதான் மரியாதை. இஞ்ச குப்பைக்கு ஒளிவு மறைவு இல்லை.

செம்மஞ்சள் மேலங்கி போட்ட மனுசன் ஒருத்தர் வந்தார். நல்ல மனுசன். நான் முதல்ல கமராவின்ர தோல் உறையைக் காட்டி, "துணியோ?" எண்டு கேட்டன். "தோல் துணி இல்லை, மிச்சம்." பொக்கற் கமரா? "சின்ன மின்சாமான். பற்றரியைக் கழட்டித் தனியப் போடு." கழட்டினன். கமரா வார்? நைலோன் பட்டியில தோல் நுனி, அதில இரும்பு வளையம். அவர் கொஞ்சம் யோசிச்சு, "உனக்கு நேரம் இருந்தால் வளையத்தை உலோகத்தில போடு" எண்டார். எனக்கு நேரம் இருந்தது. பென்சன் எடுத்த ஆள்தானே. வெட்டிப் போட்டன்.

பிறகு கே 1000 ஐ வெளியில எடுத்தன். "இதுவும் மின்சாமான்" எண்டார். நான் விட்டனோ? "இதில பற்றரி வெளிச்சம் அளக்க மட்டும்தான். அதைக் கழட்டினாலும் படம் எடுக்கும். அப்ப இது மின்சாமானோ, உலோகமோ?" அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். உள்ளுக்க முப்பட்டகக் கண்ணாடி வேற இருக்கு எண்டு நான் எடுத்துக் குடுத்தன். அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். ரெண்டு பேருமாப் பின்மூடியைத் திறந்து, நெம்புகோலை இழுத்து, அமத்தினம். 'கிளடக்.' திரும்ப இழுத்து, அமத்தினம். எனக்குப் பின்னால பழைய மெத்தையோட ஒரு மனுசி, அவவுக்குப் பின்னால மரக்கொப்பு ஏத்தின ரெயிலர், எல்லாம் வரிசை. இந்த நாட்டில வரிசையில நிக்கிற ஆள் கோபிக்காது, மூச்சு மட்டும் கொஞ்சம் பலமா விடும். கடைசியில முதலாமவர் தீர்ப்புச் சொன்னார்: "இது வேலை செய்யுது. இதை எறிய ஏலாது. அந்தா, ஆரும் எடுத்துப் பாவிக்கிற சாமான் வைக்கிற தட்டு இருக்கு, அங்க வை." வைச்சிட்டுப் பிறகு மனம் மாறினால் நான் எடுக்கலாமோ எண்டு கேட்டன். ஏலாதாம். வைச்ச நேரத்தில இருந்து அது என்ர இல்லையாம்.

ஸ்பொட்மற்றிக்கில பூட்டியிருந்த சுப்பர் தக்குமார் லென்ஸ் ஏன் தேத்தண்ணி நிறத்தில இருக்கு எண்டு அவர் கேட்டதுதான் உச்சம். அந்தக் காலத்தில சில நல்ல லென்ஸுகளின்ர கண்ணாடிக்குள்ள தோரியம் கலந்தவை. அது மெல்லிய கதிர்வீச்சு உள்ள சாமான், காலம் போகப் போகக் கண்ணாடி மஞ்சளாகும். நான் இதை விளக்கமாச் சொன்னன். மனுசன் ரெண்டு அடி பின்னால போனார். ஆபத்தான கழிவுப் பகுதியைப் பாத்தார், என்னைப் பாத்தார், திரும்ப லென்ஸைப் பாத்தார். தோரியத்தின்ர அரை ஆயுள் 1400 கோடி வருசம் எண்டு சொல்ல வாயெடுத்தன். சொன்னால் என்னையும் எந்தக் கொள்கலனுக்குள்ள போடுறது எண்டு யோசிப்பார் எண்டு நினைச்சு வாயை மூடிக்கொண்டு, பொக்கற் கமரா ரெண்டைத் தவிர எல்லாத்தையும் திருப்பிக் காரில ஏத்தினன்.

வெளிக்கிடேக்க பற்றரி போடுற பெட்டியைப் பாத்தன். நிறைஞ்சு வழியுது. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டு வாறது தடை. அத்தான் சைக்கிளைக் கவிட்டு நிப்பாட்டிப் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ செய்தி கேட்டதை நீங்கள் கடிதத்தில எழுதினீங்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால நிண்டால் எனக்கு எப்பவும் எரிச்சல்தான் வரும். பாதிப் பற்றரியில இன்னும் உயிர் இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மச்சாள், "கார் போன மாதிரியே வந்திருக்கு" எண்டா. நான் விஞ்ஞானம் கதைச்சன். 1959 இல வந்த நிக்கொன் எஃப் மவுண்டில லென்ஸ் பூட்டுற வாய்க்கும் பிலிமுக்கும் இடையில 46.5 மில்லிமீற்றர். புது இசட் மவுண்டில 16. கண்ணாடி போனதால மிச்சம் 30.5 மில்லிமீற்றர். அந்த இடைவெளிக்கு ஒரு குழாயைப் பூட்டினால் பழைய லென்ஸ் புதுக் கமராவில வேலை செய்யும். பென்ரக்ஸ், தக்குமார் லென்ஸுக்கு வாற குழாயை நான் எடுத்துக் கண்ணில வைச்சுப் பாத்தன். உள்ளுக்க ஒண்டுமே இல்லை, மற்றப் பக்கம் மச்சாள் நிக்கிறா. கண்ணாடியை எடுத்துப்போட்டு, அது இருந்த வெறும் இடத்தை எங்களுக்குத் தனியா விக்கினம். ஆனால் அந்த வெறும் இடத்தால ஒரு லென்ஸையும் இனி எறிய ஏலாது. மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் அலுமாரி வெளிக்கும் எண்டு சொன்னவன் ஆரோ, அவன் லென்ஸ் வைச்சிருக்காத ஆள். இப்ப லென்ஸும் இருக்கு, குழாயும் இருக்கு.

கே 1000 ஐப் பற்றி மச்சாள் விஞ்ஞானம் ஒண்டும் கேக்கேல்லை. அதை அலுமாரியில அவவே எடுத்து வைச்சா. 1987 இல குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட கோப்புகளை மேலிடத்தில அமத்தி வைச்ச காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த விவகாரத்தால 1993 தை மாதம் ஒரு அரசாங்கமே இஞ்ச போனது, பேப்பரில நீங்களும் வாசிச்சிருப்பீங்கள். அரசாங்கம் போனதால எனக்கென்ன? போன வருசங்கள் வருமோ? அப்ப பழசா வாங்கின கமரா அது. இஞ்ச அகதி முகாமில இருந்த பொடியங்கள் எல்லாரும் ஆற்றையோ காரில சாய்ஞ்சு நிண்டு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினவங்கள். நான் குசினியில நிண்டு கறி காய்ச்சிற மாதிரி எடுத்து அவவுக்கு அனுப்பினன். ஒரு பிலிமில 36 படம், மாதக் கணக்கில ஓடவேணும். ஒவ்வொரு படத்துக்கும் வேற வேற சட்டி. அந்தப் படங்களை நம்பி வந்த மனுசி, இண்டைக்கு வரைக்கும் அந்தச் சட்டியளைப் பற்றிக் கேக்கிறா.

புதுசை நான் குறை சொல்லுறன் எண்டு நினைக்க வேண்டாம். இந்த ஊரில ஜியாகொமெற்றி செய்த ஒரு பெண் சிலை இருக்கு, சின்ன வண்டிலில நிக்கிறா. 1966 இல வாங்கி, பழைய நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால வைச்சிருக்கினம். களவு போகாமல் இரவில அவவை நிலத்துக்குக் கீழ இறக்கி வைக்கிறது வழக்கம், எங்கட கோயிலில சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்புற மாதிரி. கருக்கலில, முக்காலி இல்லாமல், கையில பிடிச்சு அரைச் செக்கனில எடுத்தன். துளி அசைவில்லை. சென்சரே உள்ளுக்க மிதந்து என்ர கை நடுக்கத்தைச் சரிக்கட்டுது. படத்தை வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறன். மனுசி மெலிஞ்சுபோய் நிக்கிறது கமராவின்ர பிழை இல்லை. "சாப்பாடு குடுக்கிறேல்லையோ" எண்டு கேட்டு வொயிஸ் அனுப்ப வேண்டாம்.

இப்ப பங்கீடு. டி 750 மருமகனுக்கு. பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸும் 80-200 உம் அதோட வருது. அந்த லென்ஸுகளுக்குள்ள மோட்டார் இல்லை. டி 750 இன்ர உடம்பில மோட்டார் இருக்கிறதால அதில தானாப் போக்கஸ் ஆகும். என்ர குழாயில போட்டால் நான்தான் கையால திருப்பவேணும். அதாலதான் குடுக்கிறன், தாராள மனதால இல்லை. டி 90 பேத்திக்கு. கீழ போட்டால் ஆரும் அழமாட்டினம். ஸ்பொட்மற்றிக் என்ர. காரணம் கேட்டால் யோசிச்சுச் சொல்லுறன்.

தை மாதம் இஞ்ச இருந்து ஒரு குடும்பம் வருது, அவையளிட்டக் குடுத்து விடுறன். மேலதிக பற்றரி கைப்பையில வரும், பெட்டிக்குள்ள போட விமானத்தில விடமாட்டினம். வந்ததும் லென்ஸை அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கக் கூடாது எண்டு சொல்லுங்கோ. உங்கட ஈரக் காத்துக்கு உள்ளுக்கப் பூஞ்சணம் பிடிக்கும். காத்துப் போகாத டப்பாவில சிலிக்கா ஜெல் போட்டு வைக்கட்டும். அரிசிப் பானைக்குள்ள வைச்சால் நான் டென்மார்க்கில இருந்து நேர வருவன்.

இப்படிக்கு,
உங்கட தம்பி

பி.கு: தக்குமார் லென்ஸையும் அதோட அனுப்புறன். இது அன்பளிப்பு இல்லை, வைத்தியத்துக்கு. அந்த மஞ்சள், வெயிலில வைச்சால் வெளுக்கும். மார்கழியில இஞ்ச வெயிலுக்கு நான் எங்க போறது? நீங்கள் மிளகாய் காயப்போடுற இடத்தில ரெண்டு மூண்டு கிழமை வையுங்கோ. பின்பக்கத்தை வெள்ளித் தாளால வடிவாச் சுத்தவேணும், இல்லாட்டி லென்ஸ் வெயிலைக் குவிச்சு நெருப்பு வைச்சிடும். கதிர்வீச்சு எண்டு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம். நீங்களும் பயப்பிட வேண்டாம், தலைமாட்டில வைச்சுப் படுக்காட்டிச் சரி. வெளுத்ததும் திருப்பி அனுப்பவேணும், அதை மருமகனுக்கு முன்னால வைச்சு ரெண்டு தரம் சொல்லுங்கோ. மிளகாய் எரிஞ்சால் காசு தாறன்.