அப்பவே சொன்னேன்ல!

2020 பிப்ரவரி 3, அயோவா. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி ஜிம்மில் கூடிய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பலர் தங்களுக்குப் பிடித்தவர் பக்கம் நிற்கவில்லை. டிரம்பைத் தோற்கடிக்க ஊரார் யாரை நம்புவார்கள் என்று கணித்து நின்றார்கள். ஊராரும் இவர்களைத்தான் கணித்துக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் இழுபறி, காசைச் சுண்டினார்கள். (அன்றிரவு ஒழுங்காக வேலை செய்தது அந்தக் காசுதான். முடிவுகளை அனுப்பவேண்டிய செயலி படுத்துவிட்டது.)

போட்டியாளர்களில் ஒருவரான பைடன் அங்கே நாலாவது. அடுத்து நியூ ஹாம்ப்ஷையரில் ஐந்தாவது. "ஆள் காலி" என்று காபிக்கடை ஜோசியர்கள் கருமாதிக்கு நாள் குறித்தார்கள். மாதக் கடைசியில் தெற்கு கரோலினா அவரைத் தூக்கி நிறுத்தியது. மார்ச் பிறந்ததும் அதே ஜோசியர்கள்: "நான் அப்பவே சொன்னேன்ல!"

டாலரைத் தண்ணீராக இறைத்த இன்னொரு போட்டியாளர் புளூம்பெர்க் ஜெயித்த ஒரே இடம் அமெரிக்க சமோவா. அதை மட்டும் யாரும் அப்பவே சொல்லியிருக்கவில்லை.