மன்னிச்சாச்சு, பீரோ சாவி மட்டும் கேட்காதீங்க!

மன்னித்தால் மறந்துவிட வேண்டுமா, மறுபடி நம்பியும் ஆக வேண்டுமா? சித்தூர், திருப்பதி வாசகர்கள் இந்த முறை இதைத்தான் விதவிதமாகக் கேட்டிருக்கிறார்கள். பல கடிதங்களில் பெயர் இல்லை. ஆனால் யார் மேல் கோபம் என்பது முழு விலாசத்தோடு இருக்கிறது.

ஒரு கணக்காளர், திருப்பதி
கேள்வி: ‘மன்னித்துவிட்டேன்’ என்று சொன்ன பிறகும் பழைய மாதிரி நம்பாமல் இருந்தால், அது அரைகுறை மன்னிப்புதானே?

பதில்: வராக்கடனைத் தள்ளுபடி செய்த வங்கி, மறுநாள் காலையில் அதே ஆளைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, புதுக் கடனும் கொடுக்குமா? தள்ளுபடி செய்வது வங்கியின் முடிவு. அடுத்த கடன் கிடைப்பது அந்த ஆளின் நடத்தையைப் பொறுத்தது. உங்கள் ஊர் மலைமேல் இருப்பவரையே பாருங்கள். வருகிறவர்கள் பாவத்தையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார். அதற்காகக் குபேரனிடம் வாங்கிய கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டாரா? தெலுங்கில் அவருக்கு ‘வட்டிகாசுலவாடு’ என்றே செல்லப்பெயர்.

ஒரு மாமியார், புத்தூர்
கேள்வி: என் மருமகளை மனதார மன்னித்துவிட்டேன். ‘எதுக்கு?’ என்று கேட்கிறாள். என்ன திமிர்!

பதில்: விசாரணையே நடக்காமல் தண்டனையை ரத்து செய்திருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான் கேட்டிருக்கிறாள். பதில் சொல்லுங்களேன், எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பெயர் வேண்டாம், சித்தூர்
கேள்வி: அப்பா போன துக்கத்தில் இருந்தபோது, அண்ணன் ஏதோ ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கி, நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ‘ஒரே ரத்தம், மன்னிச்சு மறந்துடு’ என்கிறார் அம்மா. கேஸ் போட்டால் நான் கல்நெஞ்சக்காரனா?

பதில்: காணிப்பாக்கம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே பாஹுதா ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் மணல்தான் தெரியும், ஆனால் கதை ஈரமானது. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலேயே வருகிறது. சங்கர், லிகிதர் என்று அண்ணன் தம்பி முனிவர்கள். அண்ணன் இல்லாத நேரத்தில் தம்பி அவர் தோட்டத்துப் பழத்தைப் பறித்துத் தின்றுவிட்டார். மாம்பழம் என்று காணிப்பாக்கத்தில் சொல்வார்கள். சித்தூர் ஜில்லாவில் வேறு எந்தப் பழத்துக்கு அப்படி மனசு தடுமாறும்? திரும்பி வந்த அண்ணன், ‘கேட்காமல் எடுத்தது திருட்டு, போய் ராஜாவிடம் தண்டனை வாங்கிக்கொள்’ என்றார்.

ராஜா மன்னிக்கத் தயாராக இருந்தார். வேண்டாம் என்றவர் தப்பு செய்தவர்! தண்டனையைக் கேட்டு வாங்கி, இரண்டு கையும் வெட்டுப்பட்டுத் திரும்பினார். ‘உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, போய் ஆற்றில் முழுகு’ என்றார் அண்ணன். கைகள் திரும்ப வந்தன. ‘இவ்வளவு சக்தி இருந்தும் முதலிலேயே என்னை ஏன் சுத்தப்படுத்தவில்லை?’ என்று தம்பி கேட்க, ‘தண்டிப்பது என் வேலை இல்லை, அது ராஜாவின் வேலை’ என்று பதில் வந்தது.

கையை வெட்டுகிற தண்டனையை நான் ஆதரிக்கவில்லை, அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். ஆனால் கோபம் ஒரு துறை, நியாயம் வேறு துறை என்று அந்தக் காலத்திலேயே பிரித்துவைத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணன் லிகிதர் மாதிரி தானாக சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு வந்து, ‘உன் பங்கை எழுதித் தருகிறேன்’ என்றால் கேஸுக்கு அவசியமே இல்லை. வராவிட்டால் வக்கீலைப் பாருங்கள். கேஸ் நடக்கும்போதே தீபாவளிக்கு அண்ணி கையால் சாப்பிட்டுவிட்டும் வாருங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை. அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால், ‘ஒரே ரத்தம், மன்னிச்சு மறந்துடு’ என்று அம்மாவை அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு இல்லத்தரசி, பலமனேர்
கேள்வி: இனிமேல் குடிக்க மாட்டேன் என்று என் கணவர் காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் குளத்தில் முழுகிச் சத்தியம் செய்திருக்கிறார். இப்போதாவது நம்பலாமா?

பதில்: அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய ஊர்ப் பெரிய மனிதர்களே நடுங்குவார்கள். நல்ல தொடக்கம், குறை சொல்ல மாட்டேன். சத்தியத்தைப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும், ஏ.டி.எம். கார்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நெல்லூர் ஜில்லாவில் 1990களின் தொடக்கத்தில் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் சத்தியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. சாராயக் கடையையே மூடவைத்தார்கள். மாநிலம் முழுக்கப் பரவி, 1993இல் சாராயம் ஒழிந்தது, 1995இல் முழு மதுவிலக்கும் வந்தது. 1997இல் அரசு அந்த மதுவிலக்கைத் தளர்த்திவிட்டது. அரசாங்கம் சொன்ன சொல்லுக்கே ஆயுள் இரண்டு வருடம்தான். உங்கள் வீட்டுக்காரர் அந்த ரெக்கார்டை முறியடித்தால் எழுதுங்கள்.

ஒரு பக்தர், திருச்சானூர்
கேள்வி: மார்பில் உதைத்த பிருகு முனிவரை, ‘கால் வலிக்கிறதா’ என்று கேட்டுப் பிடித்துவிட்டார் பெருமாள். அந்த மனசு நமக்கு வர வேண்டாமா?

பதில்: வரட்டும், நல்லதுதான். ஆனால் திருச்சானூரிலிருந்து கேட்கிறீர்களே, கதையில் பாதியோடு நிறுத்திவிட்டீர்களே! உதை விழுந்த மார்பு மகாலட்சுமி குடியிருக்கும் இடம். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் மன்னித்தது பொறுக்காமல் அம்மா கொல்லாபுரிக்குப் போய்விட்டார். அவரைத் தேடித்தான் பெருமாள் வேங்கடமலைக்கு வந்தார் என்கிறது தலபுராணம். வீட்டில் இன்னொருவருக்கும் சேர்த்து விழுந்த உதையை, ஒருவர் மட்டும் பெருந்தன்மையாக மன்னித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏழு மலையே சாட்சி. பெருமாள் பிடித்தது காலைத்தானா என்றும் பாருங்கள். முனிவரின் உள்ளங்காலில் இருந்த கர்வக் கண்ணை அந்தச் சாக்கில் நசுக்கிவிட்டார். கால் பிடித்துவிட்ட மாதிரியும் ஆச்சு, அடுத்த உதைக்கு வழி அடைத்த மாதிரியும் ஆச்சு.

திருவண்ணாமலையிலிருந்து வந்து குடியேறியவர், திருப்பதி
கேள்வி: 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘பழசைக் கிளறாதே, மன்னிச்சு மறந்துடு’ என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். உண்மை என்ன என்பதையே முழுசாகச் சொல்லாமல் மறக்கச் சொல்வது அவசரம். தவிர, மன்னிக்கும் உரிமை யாருக்காவது இருந்தால், அது ஆம்பிளை இல்லாமல் போன அந்தத் தொழிலாளர்களின் வீடுகளுக்குத்தான். உங்கள் நண்பருக்கு இல்லை, எனக்கும் இல்லை.

ஒரு கல்லூரி மாணவி, சித்தூர்
கேள்வி: புராணத்தை விடுங்கள். நம் காலத்தில் யாராவது உண்மையிலேயே மன்னித்திருக்கிறார்களா?

பதில்: உங்கள் ஊரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். 2008 மார்ச் 19 அன்று அங்கே பெண்கள் சிறையில் நளினியைப் பார்க்க வந்தார் பிரியங்கா காந்தி. தன் தந்தையைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்றவரை எதிரே உட்காரவைத்துப் பேசினார். அதற்கும் முன்பே, சின்னக் குழந்தையின் தாய் என்பதால் நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000இல் அந்தத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 2022 நவம்பர் 11 அன்று அந்த வழக்கில் சிறையில் மீதமிருந்த ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது, சோனியாவின் தனிப்பட்ட கருத்தோடு கட்சி உடன்படவில்லை என்று காங்கிரஸே சொன்னது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் பிரியங்காவின் தந்தையைக் கொன்ற அந்தக் குண்டில் காயம்பட்ட ஒரு பெண் போலீஸ் அதிகாரியும் விடுதலையை எதிர்த்தார். அவரைக் கல்மனசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே குண்டு, ஒரே நாள். ஒரு மகள் சிறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார், இன்னொருவர் காயத்தோடு கோர்ட் தீர்ப்பைக் கேள்வி கேட்டார். பிரியங்கா மன்னித்தார் என்பதால் மற்றவர்களும் மன்னித்தாக வேண்டும் என்று யாரும் பில் போட முடியாது.

ஒரு லட்டு ரசிகர், ஸ்ரீகாளஹஸ்தி
கேள்வி: நெய் விவகாரத்துக்குப் பிறகும் திருமலை லட்டு சாப்பிடுகிறீர்களா?

பதில்: சாப்பிடுகிறேன். 2024இல் நெய்யில் கலப்படம் என்று குற்றச்சாட்டு கிளம்பியது, உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. லட்டு கவுன்டரில் கூட்டம் குறையவில்லை. பெருமாள் மேல் இருக்கும் நம்பிக்கைக்கு ஆய்வகச் சான்றிதழ் தேவையில்லை. நெய் டேங்கர் லாரிக்குத் தேவை, ஒவ்வொரு லாரிக்கும்.

பெயர், ஊர் வேண்டாம்
கேள்வி: கணவர் அடித்ததால் அம்மா வீட்டில் இருக்கிறேன். ‘இந்த ஒரு தடவை மன்னித்துத் திரும்பிப் போ’ என்று பெரியவர்கள் பஞ்சாயத்து பேசுகிறார்கள்.

பதில்: தங்கையே, இதில் எனக்கு ஜோக் வரவில்லை. அவர்கள் ஒரே மூச்சில் இரண்டு காரியத்தைக் கேட்கிறார்கள். மன்னிப்பது உங்கள் மனசு, இருந்த இடத்திலிருந்தே மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். திரும்பிப் போவது உங்கள் உடம்பும் உயிரும் சம்பந்தப்பட்டது. பஞ்சாயத்துப் பெரியவர்கள் அன்று ராத்திரி அவரவர் வீட்டில் தூங்குவார்கள், அடி விழுந்தால் உங்களுக்குத்தான் விழும். குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்க 2005ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. அந்த வீட்டில் தங்கியிருக்கும் உரிமையையும், அவர் நெருங்கக் கூடாது என்ற உத்தரவையும் கோர்ட்டில் கேட்கலாம். 181க்குப் போன் செய்யுங்கள். அவர் திருந்திவிட்டார் என்று பெரியவர்கள் சொன்னால், சந்தோஷம், அதை அவர் தள்ளி இருந்தபடியே நிரூபிக்கட்டும்.

ஒரு இளைஞர், திருப்பதி
கேள்வி: கங்கம்மா ஜாத்திரையில் வருஷாவருஷம் அந்தப் பாளையக்காரன் கதையை நடத்துகிறோம். செத்து எத்தனையோ காலம் ஆனவனை இன்னும் விடாமல் இருப்பது பழி உணர்ச்சி இல்லையா?

பதில்: ஊர்ப் பெண்களைத் தொந்தரவு செய்தவனை அம்மன் வேஷம் மாறி மாறித் தேடிக் கொன்றாள். ஊர் அதை மறக்கவில்லை, மே மாதம் வந்தால் ஆண்கள் சேலை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். திருமலையிலிருந்து அண்ணன் பெருமாளின் சீராகச் சேலையும் வருகிறது. ஆனால் நீங்கள் தூங்கிப்போய்த் தவறவிட்ட ஒரு கட்டம் உண்டு. கொன்ற கையோடு அம்மன் மாதங்கி வேஷத்தில் அந்தப் பாளையக்காரன் மனைவியிடம் போய் ஆறுதல் சொன்னாளாம். அவன் மேல் இருந்த கோபம் அவன் வீட்டுக்காரி வரை போகவில்லை. பழி உணர்ச்சி இருக்கிற இடத்தில் இந்த மாதங்கி வேஷம் இருக்காது தம்பி. அடுத்த ஜாத்திரையில் கடைசி வரை நில்லுங்கள்.

ஒரு ஆசிரியர், மதனப்பள்ளி
கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, மனக்காயங்களைச் சுமக்காதே என்றார். நீங்களோ ஞாபகம் வைத்துக்கொள் என்கிறீர்கள்!

பதில்: அவர் விடச் சொன்னது புண்பட்ட ஞாபகத்தை. வீட்டுக்குப் போகும் வழி, செய்யும் தொழில் மாதிரி நடைமுறை ஞாபகத்தை யாரும் விட முடியாது என்பதும் அவரே சொன்னதுதான். பல பத்தாண்டுகள் தன் நூல்களையும் நிதியையும் நிர்வகித்த ராஜகோபாலிடமிருந்து 1968இல் அவர் விலகினார். விவகாரம் கலிஃபோர்னியா கோர்ட் வரை போய், 1974இல் ஒரு சமரசமும் ஏற்பட்டது. மனசில் பாரம் இல்லாதவருக்கும் வக்கீல் தேவைப்பட்டிருக்கிறார்.

பரிதாபத்துக்குரிய கணவர், நகரி
கேள்வி: ‘அதையெல்லாம் எப்பவோ மன்னிச்சுட்டேன்’ என்கிறாள் மனைவி. ஆனால் 2009இல் நான் செய்ததைத் தேதி, கிழமை, நான் போட்டிருந்த சட்டை நிறம் உள்பட ஒப்பிக்கிறாள்!

பதில்: தேதி சரிதானா? சட்டை?

அப்புறம் என்ன, நீங்களும்தான் மறக்கவில்லை!