ஏரியாவுக்கு செட் ஆகாத வீடு

குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தது. 2021-இல் பெயரில் இருந்த குடிசையையும் மாற்றிவிட்டார்கள். இப்போது அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வாழ்விடம் இருக்கிறது, எட்டு மாடி. நகர்ப்புறம்தான் கொஞ்சம் தள்ளி, பெரும்பாக்கத்தில்.

எங்கள் தெருக்கோடிக் காலிமனையிலேயே வாரியம் நாலு மாடி கட்டலாமே என்றேன், ஞாயிறு காலை நலச்சங்கக் கூட்டத்தில்.

"ஏரியா லுக்குக்கு செட் ஆகாது சார்" என்றார் செயலாளர். அவர் வீட்டு வாசலில் இரண்டு ரோமானியத் தூண்கள். நடுவே அரக்கன் முகம் வரைந்த திருஷ்டிப் பூசணி. அது செட் ஆகிவிட்டது.

அதற்குள் அவர் போன் அடித்தது. பாத்திரம் தேய்க்கிற அம்மா. பெரும்பாக்கத்தில் இன்னும் பஸ் வரவில்லையாம்.

"இவங்கல்லாம் ஏன் சார் அவ்வளவு தூரத்துல போய்க் குடியிருக்காங்க?" என்றார்.